தொழிற்பேட்டைச் சாவடியில் சொன்னது

பெயர்: மெர்சி. வயது: 44. கணவர் பெயர்: தானியேல் (காலமானார்). முகவரி: சகாயமாதா நகர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை அருகில், திருவள்ளூர் மாவட்டம். தொழில்: பிளாஸ்டிக் கம்பெனி கேன்டீனில் சமையல் உதவி.

என் கணவர் தானியேல் இறந்தது சம்பந்தமாக விசாரணை அலுவலர் கேட்டதன் பேரில் நான் சொல்லும் வாக்குமூலம் பின்வருமாறு.

நான் மேற்கண்ட முகவரியில் என் மகள் ஜெபாவுடன் வசித்து வருகிறேன். ஜெபாவுக்கு வயது இருபத்தொன்று. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். என் மாமனாரும் மாமியாரும் பொன்னேரிப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவு, அறுப்பு வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கம்பெனி வேலைக்குப் போனவர் என் கணவர்தான். தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை செய்துவந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு வேலை நேரத்தில் கிரேன் சங்கிலி அறுந்து அவர் தலையில் அடித்துவிட்டது. சென்னையில் அரசு மருத்துவமனையில் வைத்துப் பார்த்ததில் உயிர் பிழைத்தார். ஆனால் நினைவு சரியாக வரவில்லை. என்னையும் மகளையும் தெரியும். கோயில் பாட்டுகளை ஒரு வரி விடாமல் பாடுவார். ஆனால் இன்று என்ன கிழமை, தான் வேலையிலிருந்து நின்றுவிட்டோமா இல்லையா என்பது மட்டும் தெரியாது. காலையில் எழுந்ததும் குளித்து, தலை வாரி, மில்லுக்குக் கிளம்பிவிடுவார். அவரைப் பூட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் யாரையும் அடித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை.

மில் கேட்டில் கோபால் என்ற காவலாளி இருந்தார். என் கணவரோடு பல வருடம் பழகியவர். கோபால் அண்ணன் அவரை உள்ளே விடவும் மாட்டார், விரட்டவும் மாட்டார். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ கொடுத்து, "தானியேலு, இன்னிக்கி மிஷின் ரிப்பேருப்பா. ஷிப்டு இல்ல. ஊட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிவைத்து, எனக்கும் போன் செய்துவிடுவார். என் கணவர் வீட்டுக்கு வந்து, "மிஷின் ரிப்பேராம் மெர்சி" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். இப்படியே எங்கள் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிற்பேட்டை ரோட்டின் முனையில் ஒரு சாவடி உள்ளது. முன்பு அங்கே நிலையத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்திருப்பார். சென்ற வருடம் தொழிற்பேட்டையின் ரோடு, விளக்கு, குப்பை, ரோந்து எல்லாவற்றையும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் விட்டுவிட்டார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது என்னவென்று புரியவில்லை. ரோடு போடுவார்கள், விளக்கு மாட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அதே சாவடிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். காக்கி நிறத்தில் உடுப்பும் தொப்பியும் தோளில் பட்டையும் போட்டவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேலே சிவப்பும் நீலமும் விளக்கு சுற்றும் ஜீப் ஒன்று ரோந்து வந்தது. ஹெல்மெட் போடாமல் வருகிறவர்களை விசில் அடித்து நிறுத்தினார்கள். எங்கள் நகரில் ஒரு சண்டை நடந்தபோது அவர்கள்தான் வந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய்ச் சாவடியில் உட்காரவைத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அவர்களைப் போலீஸ் என்றுதான் சொல்லிவந்தோம். அப்படி இல்லை என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

அதே சமயத்தில் மில் கேட்டிலும் பழைய ஆட்களை எடுத்துவிட்டு அந்த நிறுவனத்து ஆட்களைப் போட்டுவிட்டார்கள். கோபால் அண்ணன் இப்போது பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறார். அவர் போகும்போது புது ஆட்களிடம் என் கணவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனதாக என்னிடம் கூறினார். அவர் யாரிடம் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

அதற்குப் பின் ஒரு நாள் என் கணவர் மதியம் தாண்டி, கால் எல்லாம் புழுதியாக வீட்டுக்கு வந்தார். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "ஜீப்புல கூட்டினு போனாங்க மெர்சி" என்றார். போலீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அன்று ஜெபத்தில் அவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன். அவர்கள் அவரை நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டதும் அங்கிருந்து அவர் நடந்தே திரும்பி வந்ததும் எனக்கு அப்போது தெரியாது.

சென்ற நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஓவர்டைம் வேலைக்குப் போய்விட்டாள். என் கணவருக்கு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, கோயிலுக்குக் கிளம்புவதற்காக நான் பின்பக்கம் குளிக்கச் சென்றேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் காலருக்கு உள்பக்கம் அழியாத மையால் என் போன் நம்பரை எழுதி வைத்திருந்தேன். அந்தச் சட்டைகள் எல்லாம் கொடியில் இருந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. அதில் நான் மடித்து வைத்திருந்த பழைய மில் யூனிபார்ம் சட்டையைக் காணவில்லை. அதன் காலரில் நான் நம்பர் எழுதவில்லை. அதை அவர் தேடி எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

உடனே மில் கேட்டுக்கு ஓடினேன். அங்கிருந்த காவலாளியிடம் கேட்டதற்கு, யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு மார்க்கெட், ரயில் நிலையம், ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் எல்லாம் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ரோட்டு முனைச் சாவடிக்குப் போனேன். அங்கே மேற்பார்வையாளர் வெங்கடேசன் என்பவர் இருந்தார். பெயர் அவர் நெஞ்சில் இருந்த பட்டையில் இருந்தது. நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, என் கணவரின் பெயர், வயது, போட்டிருந்த சட்டையின் நிறம், உடம்பில் என்ன அடையாளம் என்று எல்லாம் கேட்டார். தலையில் இடது பக்கம் தையல் போட்ட தழும்பு இருக்கும் என்று சொன்னேன். என் போனில் இருந்த படத்தை அவர் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார்.

அப்போது நான் அவரிடம், "நான் ஸ்டேஷனுக்குப் போவணுமா சார்?" என்று கேட்டேன். இதை நான் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் உள்ளது. அதற்கு அவர், "அதெல்லாம் வேணாம்மா. இங்க சொன்னா போதும். எல்லா வண்டிக்கும் போட்டோ போட்டுட்றோம். ஆளு கெடச்சா நாங்களே கொண்டாந்து உடுறோம். ஊட்டுக்குப் போ" என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. தண்ணீர் பாட்டில் கூட எடுத்துக் கொடுத்தார். அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கொழுந்தன் ஸ்டீபன் விஷயம் கேள்விப்பட்டு வந்து, "அண்ணி, போலீஸ்ல சொன்னியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். கோயிலில் இருந்து வந்தவர்கள் கேட்டார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். ஸ்டீபன் தன் வண்டியில் ஊத்துக்கோட்டை ரோடு வரைக்கும் தேடிப் போய்விட்டு வந்தார். நான் சாயங்காலம் மறுபடியும் சாவடிக்குப் போய்க் கேட்டேன். வேறு ஒருவர் இருந்தார். "தேடினுதான் இருக்காங்க" என்று சொன்னார். வேலை முடிந்து வந்த மகளும் நானும் அன்று இரவு கதவைச் சாத்தவில்லை. ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஜெபா, புகார் கொடுத்ததற்கு ரசீது தருவார்கள், அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டாள். ரசீதைக் கேட்டு வாங்குவதற்காக அவளும் நானும் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். அவர் எங்களிடம், "ஆளு காணாம போயி ஒரு நாள் ஆவுதே, ஏம்மா நேத்தே வரல?" என்று கேட்டார்.

"நேத்தே சொன்னேனே மேடம். போட்டோ கூட குடுத்தேன்" என்றேன்.

"யாராண்ட குடுத்த?"

"ரோட்டு முனையில, சாவடியில. வெங்கடேசன் சாராண்ட."

அதற்கு அவர், "அது போலீஸ் இல்லம்மா. கம்பெனி செக்யூரிட்டி. அவங்க எங்களுக்கு ஒண்ணுமே சொல்லல" என்றார்.

நான் அவர் சொன்னதை நம்பவில்லை. அவர்கள் காக்கி போட்டிருந்தார்கள் என்று சொன்னேன். தொப்பி போட்டிருந்தார்கள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே மைக்கில் மற்ற நிலையங்களுக்கு என் கணவரின் அடையாளங்களைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே அவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "மொதல்ல ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெபா மட்டும், "எந்த ஆஸ்பத்திரி மேடம், எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பொன்னேரி அரசு மருத்துவமனையில் என் கணவரின் உடலைப் பார்த்து அடையாளம் காட்டினேன். மில் சட்டை போட்டிருந்தார். எல்லாப் பொத்தான்களும் சரியாக மாட்டியிருந்தன. காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. எங்கள் மாவட்டத்திலேயே உள்ள ஆரணிப் பக்கம் ஒரு வாய்க்காலில் கிடந்ததாகவும், தண்ணீர் குடித்து இறந்திருப்பதாகவும், உடம்பில் வேறு காயம் இல்லை என்றும் சொன்னார்கள்.

அவரை வாய்க்காலில் பார்த்துத் தகவல் கொடுத்த அப்பாவு என்பவர் மருத்துவமனை வாசலில் இருந்தார். அவர் ஆரணிக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் வைத்திருக்கிறவர். அவர் என்னிடம் சொன்னது: ஞாயிறு சாயங்காலம் மழையில் என் கணவர் அவருடைய மோட்டார் கொட்டகை ஓரம் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். "இன்னா நைனா, எங்க போவணும்?" என்று அப்பாவு கேட்டதற்கு, "கம்பெனிக்குப் போவணும். வண்டிக்காரன் உட்டுட்டுப் பூட்டான்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தலை துவட்டத் துண்டு கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுவின் மனைவி கங்கம்மா சோறு போட்டிருக்கிறார். சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் கணவரே கழுவி வைத்தாராம். இருந்துவிட்டுக் காலையில் போகலாம் என்று சொன்னதற்கு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்றாராம். பஸ் ஏற்றிவிடலாம் என்று அப்பாவு பைக்கை எடுத்துவரப் போயிருக்கிறார். வந்து பார்த்தபோது ஆள் இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு வரப்பு எல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

"நல்லா மரியாதையா பேசினாரும்மா. புத்தி செரியில்லாத ஆளுன்னு எனுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா கையப் புடிச்சி உக்கார வெச்சிருப்பேன்" என்று சொல்லி அப்பாவு அழுதார். என் கணவர் கடைசியாகச் சாப்பிட்டது அவர் வீட்டில்தான் என்பதால் நான் அவரைக் கும்பிட்டேன்.

அந்தப் பெண் தலைமைக் காவலர் ஞாயிறு மதியமே தகவல் வந்திருந்தால் அந்தப் பக்கம் ரோந்து போனவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் இதை என்னிடம் உடனே சொல்லவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

என் கணவர் அவ்வளவு தூரம் எப்படிப் போனார் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்தது மில்லுக்குப் போகும் வழி ஒன்றுதான். அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்த நாளில் அன்பு என்பவர் வந்தார். முப்பது வயது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர். கூட்டம் முடிந்து எல்லோரும் போகும்வரை வெளியே நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் சொன்னது பின்வருமாறு.

"அக்கா, அந்த ஜீப்ப நான்தான் ஓட்டுறேன். அன்னிக்கிக் காலையில மில் கேட்டாண்ட ஒர்த்தர் நின்னு பேஜாரு பண்றாருன்னு போன் வந்திச்சி. போய் ஏத்தினோம். வெளியாளு வந்தா லிமிட்டத் தாண்டி உட்டுடணும்னு எங்களுக்கு ஆர்டரு. இவுர முன்னாடியே ஒருவாட்டி ஹைவேல உட்டோம், திரும்பி வந்துட்டாரு. அதனால சூப்பரவைசர், கிட்ட உடாத, ஆரணிப் பக்கம் உட்டுட்டு வான்னாரு. வண்டியில வர்றப்போ பாட்டு பாடினே வந்தாருக்கா. எறங்கச் சொல்ல, எனுக்குத் தேங்ஸ் சொன்னாரு."

நான் கொடுத்த படம் மதியத்துக்கு மேல்தான் அன்புவின் போனுக்கு வந்திருக்கிறது. அவர் உடனே வெங்கடேசனுக்குப் போன் செய்து, இந்த ஆளை நாம்தான் ஏற்றிக்கொண்டு போய் விட்டோம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு வெங்கடேசன், "நம்ம லிமிட்ல இல்ல இல்ல? உடு" என்று சொல்லிவிட்டாராம். டியூட்டி முடிந்ததும் அன்பு தன் சொந்த பைக்கில் இறக்கிவிட்ட இடத்துக்குப் போய்த் தேடிப் பார்த்திருக்கிறார். ஆள் இல்லை. அப்போது என் கணவர் அப்பாவு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

நான் சாயங்காலம் இரண்டாவது தடவை சாவடிக்குப் போனபோது, அவரை எங்கே விட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பெயரை ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் ஸ்டீபன் வண்டியில் போய் அவரைக் கூட்டி வந்திருப்பார்.

அன்பு சொன்னதைக் கேட்டு ஜெபா அவரை அடிக்கப் போனாள். நான் நடுவில் நின்றேன். அவர் ஒதுங்கவில்லை. "அடிக்கட்டும்க்கா" என்றார். அதன் பிறகு ஜெபா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு நாங்கள் மனு கொடுத்தோம். மனுவுக்கு அந்த நிறுவனம் கொடுத்திருக்கும் பதிலை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். ஒப்பந்தப்படி தொழிற்பேட்டை எல்லைக்குள் மட்டுமே தங்களுக்குப் பொறுப்பு என்றும், காணாமல் போனவர்களைத் தேடுவது தங்கள் வேலை இல்லை என்றும், காவல் நிலையத்தை அணுகும்படி எனக்கு அறிவுரை கூறப்பட்டது என்றும் அதில் உள்ளது. அப்படி எனக்கு யாரும் அறிவுரை கூறவில்லை. நான் கேட்டேன், வேண்டாம் என்று சொன்னார்கள். இதை நான் பைபிள் மேல் கை வைத்துச் சொல்லுவேன்.

அன்புவை இப்போது வேலையிலிருந்து எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். விசாரணைக்கு வந்து உண்மையைச் சொல்வதாக என்னிடம் கூறியுள்ளார். வந்தால் நல்லது. வராவிட்டாலும் அவர்மேல் எனக்குப் பகை இல்லை. அவருக்கும் கைக்குழந்தை இருக்கிறது. வெங்கடேசன் மேல் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். தெரிந்தே கொன்றார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் முடிகிற வேலையை அவர் செய்யவில்லை என்று சொல்கிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று அலுவலர் கேட்டார். என் கணவரை ஏற்றிப் போய் இறக்கிவிடச் சொன்ன சூப்பரவைசர் வெங்கடேசனா வேறு ஒருவரா, அந்த அதிகாரம் அவர்களுக்கு யார் கொடுத்தது என்று விசாரித்து எழுத்தில் தர வேண்டும். அந்தச் சாவடியில் இருப்பவர்கள் போலீஸ் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வடநாட்டு ஆட்களும் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்கள் பாஷையிலும் எழுத வேண்டும்.

இதை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்ற வாரம் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது அந்தச் சாவடி வாசலில் ஒரு வடநாட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று, உள்ளே இருந்தவரிடம் அழுதுகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனில் எதையோ பதிந்துகொண்டிருந்தார். நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் பேசியதும் அவளுக்குப் புரியவில்லை. "இது போலீஸ் இல்லம்மா, இது போலீஸ் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். போலீஸ் என்ற வார்த்தை மட்டும் அவளுக்குப் புரிந்து, அவள் அந்தக் காக்கிச் சட்டையைக் காட்டித் தலையை ஆட்டினாள். நானும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன். உள்ளே இருந்தவர், "உனுக்கு இன்னாம்மா, நீ போ" என்றார். நான் அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், அந்தப் பெண் தலைமைக் காவலர் முன்னால் உட்காரவைத்தேன். இந்தி தெரிந்த ஒருவரை அவர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வரும்வரை குழந்தையை நான் மடியில் வைத்திருந்தேன். அவளுடைய ஆள் யாராவது காணாமல் போனாரா, வேறு கஷ்டமா, அதற்குப் பின் அவள் காரியம் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இந்த வாக்குமூலத்தை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. இதில் பொய்யும் இல்லை, யாருடைய தூண்டுதலும் இல்லை.

(ஒப்பம்)
தா. மெர்சி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அலுவலர்